கண்ணகியைப் பிடிக்கும் என்றால் அது சமயமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பெண். வீட்டில் சாமியறை கிடையாது. தகப்பன் பழைய இடதுசாரி, கோயில் பக்கம் போகாதவர். இவருக்கோ உயர்தரத்தில் சிலப்பதிகாரம் படித்த காலத்திலிருந்து கண்ணகி மேல் தீராத பிடிப்பு. கடவுள் உண்டா என்று கேட்டால் “தெரியாது” என்பார். விரதம் இல்லை, நேர்த்திக்கடன் இல்லை, திருநீறு பூசுவதும் இல்லை. ஆனால் வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டால் வழக்குரை (கண்ணகி கதைப் பாடல்) கேட்கப் போய்விடுவார். அந்தக் கிழமை முழுக்க மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிட மனம் வராதாம். “இதுதானடி சமயம், நீதான் ஒத்துக்கொள்கிறாய் இல்லை” என்கிறாள் ஒரு தோழி. “நீ கண்ணகியின் ரசிகை, அவ்வளவுதான்” என்கிறாள் இன்னொருத்தி. இதில் யார் சரி, படிவங்களில் சமயம் என்ற இடத்தில் என்ன எழுதுவது, அடுத்த வைகாசிக்கு ஒரு மடைக்கு (அம்மனுக்கு வைக்கும் படையலுக்கு) சாமான் கொடுக்க ஆசைப்படுகிறேன், நம்பிக்கை இல்லாமல் கொடுக்கலாமா என்று மூன்று கேட்டிருக்கிறார்.

இருவரும் பாதி சரி என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படிச் சொல்லப் போவதில்லை. ஒரு தெய்வத்தைப் பிடித்திருப்பது, எவ்வளவு ஆழமாகப் பிடித்திருந்தாலும், தனியே சமயம் ஆகாது. அந்தப் பிடிப்பு உங்களிடம் ஒன்றைக் கேட்கத் தொடங்கி, அதைச் செய்யாவிட்டால் குறை என்று உங்களுக்கே படத் தொடங்கும் இடத்தில்தான் அது சமயமாகிறது. கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியதில் சிலப்பதிகாரத்தை விட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மச்சம் பற்றிய ஒரு வரிதான்.

முதலில் ரசிகை என்ற கட்சியை எடுப்போம். கண்ணகியைத் தெய்வமாக நினைக்காமலே கொண்டாடுவது புதிதல்ல. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னை மெரினாவில் அவளுக்குச் சிலை வைத்தவர்கள் பகுத்தறிவு பேசிய இயக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே அவள் கையில் சிலம்போடு, அரசனிடம் நீதி கேட்கும் பெண்ணாக நிற்கிறாள். 2001இல் அந்தச் சிலையை எடுத்தபோது பெரிய சச்சரவு, 2006இல் திரும்ப வைத்தார்கள். அந்தச் சண்டை தமிழ் மானத்தையும் அரசியலையும் பற்றியது, அம்மனின் கோபத்தைப் பற்றியதல்ல. சிலைக்கு மாலை போடுவார்கள், ஆனால் மழை வேண்டி அங்கே பொங்கல் பொங்குவாரில்லை. அவளை மதிப்பது அவர்களுக்கு உண்மையான மதிப்புத்தான். அதைச் சமயம் என்று சொன்னால் வைத்தவர்களே கோபப்படுவார்கள்.

இனி நம் கிழக்கிலங்கைப் பக்கம் வாருங்கள். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று கரையோரம் நெடுகக் கண்ணகை அம்மன் கோயில்கள். இவற்றில் பலவற்றுக்கு வைகாசிச் சடங்குதான் வருடத்தின் முக்கியமான காலம். அதற்காகவே கதவு திறக்கும். கதவு திறந்த நாளிலிருந்து வழக்குரை படிப்பார்கள், கலியாணக்கால் நடுவார்கள், கடைசி இரவு குளிர்த்தி. மதுரையை எரித்த வேகம் தணியாமல் வந்தவளைக் குளிரவைப்பதுதான் அந்தச் சடங்கின் உயிர். கட்டாடியார் (கோயில் பூசாரி) முன் நிற்க, குளிர்த்திப் பாடல் ஏற ஏற, வேப்பிலையும் நீருமாக அம்மாள் குளிர்கிறாள். அவள் குளிர்ந்தால் ஊர் குளிரும். மழை பெய்யும், அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வராது, வயல் விளையும். கதவு திறந்திருக்கும் நாட்களில் வீடுகளில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. யாரும் வந்து கண்காணிப்பதில்லை, ஆனாலும் ஏறாது.

அந்தச் சனத்துக்குள் நின்று, வேப்பிலையோடு நிற்கும் ஒரு வயதான அம்மாவிடம், “கண்ணகியின் எந்தக் குணம் உங்களுக்குப் பிடிக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். அவருக்கு அம்மாள் பொல்லாதவள், சுணங்கினால் பொறுக்காதவள், கூப்பிட்டால் வருகிறவள். பிடிக்கும், பிடிக்காது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மெச்சுவதற்கு ஒரு தூரம் வேண்டும். அரசவையில் “தேரா மன்னா” என்று கண்ணகி கேட்கும்போது நாம் வாசகராக ஓரமாக நின்று பார்க்கிறோம், நமக்கு அதில் ஆபத்து இல்லை. குளிர்த்தி இரவில் நிற்கிற சனம் அவளுடைய கோபத்தின் பாதையில் தாங்களே நிற்பதாக நினைக்கிறது. சிலப்பதிகாரத்தின் கண்ணகியையும் வழக்குரையின் அம்மனையும் ஒரே ஆள் என்று சொன்னாலும், நாம் நிற்கும் இடம் இரண்டிலும் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வளைந்த கொம்புகளை மாட்டி இழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. எந்தச் சேரி என்பது குடும்ப வழியாக வருவது. கண்ணகி மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருத்தி வடசேரிக் குடும்பத்தில் பிறந்தால் அன்றைக்குக் கோவலன் பக்கம்தான். (அந்த நாட்களில் இரண்டு சேரியும் ஒன்றையொன்று கேலி செய்யும் கேலியை அச்சில் போட முடியாது.) கோயில் நிர்வாகமும் அப்படித்தான். நம் பக்கத்தில் குடி (குலப் பிரிவு) தாய்வழியாக வருகிறது. எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, எந்தக் குடியிலிருந்து வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) என்பதெல்லாம் பிறக்கும்போதே முடிவான விஷயம். சமயத்தின் ஊர்ப்பக்கம் உங்கள் விருப்பத்தைக் கேட்பதே இல்லை. அம்மாளைப் பெரிதாக நினைக்காத ஆட்களும் முறை வந்தால் தங்கள் பங்கைச் செய்துவிட்டுப் போவார்கள். அவர்கள் சமயத்துக்குள்தான் இருக்கிறார்கள், பிடிப்பு இல்லாமலே.

அப்படியானால் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, எனக்கும் இந்தத் தெய்வத்துக்கும் உள்ள உறவு சமய உறவா என்பது. மற்றது, நான் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவள் என்பது. தோழிகள் இருவரும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் சண்டை முடியவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதற்கு நம் மாவட்டங்களிலேயே சாட்சி நிறைய. ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்குச் செப்டெம்பரில் கால்நடையாகப் போகிற கூட்டத்தில் சைவ வீட்டுப் பெண்களும் இருப்பார்கள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு நேர்த்தியோடு போகிற தமிழரும் உண்டு. அவர்கள் அங்கே செய்வது சந்தேகமில்லாமல் சமயச் செயல். மாதாவிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள், கிடைத்ததும் கடனைத் தீர்க்க நடக்கிறார்கள். ஆனால் திரும்பி வந்து தாங்கள் கத்தோலிக்கராகிவிட்டதாக யாரும் சொல்வதில்லை. மறுபக்கம் கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் கோடு போட்டே வைத்திருக்கிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதருக்கும் செலுத்துவது வணக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களில் உள்ள உண்மையானதையும் தூயதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது. ஆகவே ஒரு கத்தோலிக்கர் கண்ணகியின் நீதியுணர்வை மெச்சலாம், அதில் தடை இல்லை. மடை வைக்கப் போனால்தான் பங்குத்தந்தை கூப்பிட்டுக் கதைப்பார்.

சிங்கள பௌத்தரிடம் இதே கேள்வியைக் கேட்டால் பதில் இன்னும் சுவாரசியம். அவர்களுக்குக் கண்ணகிதான் பத்தினித் தெய்யோ. விகாரை வளவுக்குள்ளேயே தேவாலயம் என்ற தெய்வக் கோயில் இருக்கும். அங்கே பூவட்டி கொண்டுபோய் வேண்டிக்கொள்வார்கள், கபுராளை என்ற பூசகர் அவர்களுக்காகத் தெய்வத்திடம் முறையிடுவார். ஆனால் பௌத்த நோக்கில் தெய்வங்கள் உலகக் காரியத்துக்கு உதவுகிறவர்கள், பிறவிச் சுழலிலிருந்து விடுதலை தருகிறவர்கள் அல்லர். அது புத்தர் காட்டிய வழியில் தானே நடந்து அடைய வேண்டியது. எனவே பத்தினிக்கு எவ்வளவு பக்தியோடு பூ வைத்தாலும் “உங்கள் சமயம்?” என்றால் பௌத்தம் என்றுதான் சொல்வார்கள், அதில் அவர்களுக்கு முரண்பாடும் தெரிவதில்லை. தெய்வத்தின் மேல் உள்ள பக்தியே சமயத்துக்கு வெளியே, அதன் ஓரமாக, வசதியாக இருக்கக்கூடிய ஒரு ஏற்பாடு இது. அளவில் எல்லா ரசிகரையும் மிஞ்சிய பக்தி, ஆனாலும் சமயக் கணக்கில் வராது.

சைவத்துக்குள்ளும் எல்லாரும் கண்ணகியைக் கணக்கில் எடுத்ததில்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானது என்றே எதிர்த்தார். சமண சமயத்துச் செட்டிப் பெண்ணைச் சைவர் கும்பிடுவதா என்பது அவர் வாதம். யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல பின்னாளில் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று ஆகமப் பெயர்களுக்கு மாறின. மட்டக்களப்பில் அந்தக் காற்று அவ்வளவு பலமாக வீசவில்லை, கட்டாடியாரும் வழக்குரையும் தப்பினார்கள். நாவலருடைய தமிழுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் தலைவணங்குவேன், இந்த விஷயத்தில் அவர் பக்கம் நிற்க மாட்டேன். எது சமயம் என்று ஒரு நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீர்த்தால் வயிற்றுப் பசியோடும் பிள்ளையின் காய்ச்சலோடும் கோயிலுக்கு வந்த சனம் வெளியே நின்றுவிடும்.

மேற்கே அறிஞர்களும் இதில் இரண்டு பட்டார்கள். தனிமையில் ஒருவர் தெய்வமாகக் கருதுவதோடு கொள்ளும் உணர்வும் செயலும் அனுபவமுமே சமயம் என்று அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் 1902இல் எழுதினார். பத்து வருடம் கழித்துப் பிரான்சில் எமில் துர்க்கைம், நம்புகிறவர்களை ஒரே சமூகமாகக் கட்டாத எதுவும் சமயம் அல்ல என்றார். கண்ணகை அம்மன் கோயில் வெளியில் நின்றால் துர்க்கைம் சொல்வதே சரி என்று தோன்றும். ஆனால் ஜேம்ஸை அப்படி லேசாக விட முடியாது, ஏனென்றால் நம் பக்கத்தில் அறுபத்துமூவரில் ஒருவரான சாக்கிய நாயனார் இருக்கிறார்.

இவருடைய கதையைப் பள்ளியில் வேகமாகக் கடந்துவிடுவோம். சங்கமங்கையில் பிறந்தவர், ஞானம் தேடிக் காஞ்சிக்குப் போய்ப் பௌத்தரானார். பிறகு சிவமே பொருள் என்று தெளிந்தார், ஆனால் காவி உடையைக் களையவில்லை. எந்தக் கோலத்தில் இருந்தாலும் மறவாமைதான் முக்கியம் என்று இருந்துவிட்டார். ஒருநாள் வெட்டவெளியில் ஒரு லிங்கத்தைக் கண்டார். உள்ளே பொங்கிய மகிழ்ச்சியில் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து எறிந்தார். பூ இல்லை, மந்திரம் இல்லை, அடியார் கூட்டம் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு பௌத்தத் துறவி சிவலிங்கத்தை அவமதிப்பது போலத்தான் தெரியும். மறுநாள் அதே இடத்துக்கு வந்தபோது, நேற்று எறிய வைத்தது சிவன் அருள்தான் என்று நினைத்து இன்னொரு கல் எறிந்தார். பிறகு அது நாள்தோறும் ஆயிற்று. எறிந்த பின்தான் சாப்பாடு. ஒருநாள் மறந்துபோய் உண்ண உட்கார்ந்துவிட்டார். நினைவு வந்ததும் சோற்றை விட்டுவிட்டு, “எம்பெருமானுக்குக் கல் எறியாமல் மறந்தேனே” என்று பதறி ஓடினார். அந்தக் கல்லுக்குத்தான் சிவன் காட்சி கொடுத்தார் என்கிறது புராணம்.

முதல் நாள் கல்லையும் அந்தக் கடைசிக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கல்லில் மகிழ்ச்சி மட்டுமே இருந்தது, அது ரசிகனின் கல். அன்றோடு அவர் போயிருந்தால் நாயனார் வரிசையில் இடம் கிடைத்திருக்காது. கடைசிக் கல்லில் பசி இருக்கிறது, மறந்த குற்றவுணர்ச்சி இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. நடுவில் யாரும் அவருக்கு விதி போடவில்லை, அவரே போட்டுக்கொண்டு அதற்குக் கட்டுப்பட்டார். சமூகம் இல்லாமலும் சமயம் உண்டு என்பதில் ஜேம்ஸ் வெல்கிறார். ஆனால் உணர்வு மட்டும் போதும் என்பதை நாயனார் கதை தாங்காது. உடை பௌத்தம், உள்ளம் சைவம், இரண்டையும் தீர்த்துவைத்தது சோற்றை விட்டு எழுந்த அந்த ஓட்டம்.

இதே காரணத்தால்தான் “உள்ளம் போதும், வேறென்ன வேண்டும்” என்று யாராவது விபுலானந்தரைத் துணைக்கு இழுத்தால் நான் முழுதாகத் தலையாட்டுவதில்லை. ஈசன் விரும்பும் மலர்கள் உள்ளமும் கூப்பிய கையும் பார்க்கும் விழியுமே என்று அவர் பாடியது நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதைப் பாடியவர் காரைதீவில் பிறந்தவர், 1924இல் துறவறம் பூண்டவர், பள்ளிக்கூடங்களுக்காகத் தேய்ந்தவர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டவரும் அவரே. கண்ணகை அம்மன் கோயில் ஊரில் பிறந்து, கண்ணகியின் காப்பியத்தை ஆராய்ச்சியாளர் கண்ணோடு படித்தவர். காப்பியத்தில் உள்ள பிடிப்பும் தெய்வத்திடம் உள்ள கடப்பாடும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருக்கலாம் என்பதற்கு அவரைவிட நல்ல ஆதாரம் தேட வேண்டியதில்லை. உள்ளம் போதும் என்றவர் உள்ளத்தோடு நிறுத்திக்கொண்டவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது தங்கச்சியின் கணக்கைப் பார்ப்போம். காப்பியத்தின் மேல் உள்ள காதல், வழக்குரையின் ராகத்தில் மயங்குவது, மாங்கனியில் பிறந்த அம்மன் கதையை வியந்து கேட்பது, இவை எல்லாம் ரசனை. இந்த அளவில் இரண்டாவது தோழி சரி. கடவுள் உண்டா என்று தெரியாது என்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கோயிலுக்கு வருகிற எத்தனையோ பேர் அந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்டே பார்த்ததில்லை. ஆனால் யாரும் சொல்லாமல், வீட்டில் அப்படி ஒரு வழக்கமே இல்லாமல், அந்த ஒரு கிழமை மீன் இறங்கவில்லை என்றால் அங்கே கண்ணகி உங்களிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறாள், நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள். நாயனாரின் இரண்டாம் நாள் கல் அளவுக்காவது அது வந்துவிட்டது. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். அந்தக் கிழமையில் தவறுதலாக ஒரு கருவாட்டுத் துண்டு வாயில் போய்விட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? “சரி, போனால் போகட்டும்” என்றால் அது ஊரோடு ஒத்த பழக்கம். மனம் குறுகுறுத்தால் முதல் தோழியிடம் தோற்றுவிட்டீர்கள். அந்தப் பதில் உங்களுக்குத்தான் தெரியும், தோழிகளுக்குத் தெரியாது.

இரண்டாவது பகுதி, எந்தச் சமயத்தவர் என்பது. இதில் சட்டம் உங்களுக்கு நிறைய இடம் விட்டிருக்கிறது. 1978ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. விரும்பிய மதத்தை மட்டுமல்ல, விரும்பிய நம்பிக்கையையும் கொண்டிருக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். 14ஆம் உறுப்புரை அதை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் போதனையிலும் வெளிக்காட்டும் உரிமையைப் பற்றியது. பொது ஒழுங்கு, சுகாதாரம் என்று காரணம் காட்டி இந்த இரண்டாவதற்குச் சட்டத்தால் எல்லை போடலாம். முதலாவதற்குப் போட முடியாது. உள்ளே வைத்திருப்பதையும் வெளியே செய்வதையும் சட்டமே பிரித்துத்தான் பார்க்கிறது. அடுப்பில் மீன் ஏற்றாமல் இருப்பதற்கு எந்த உறுப்புரையும் தேவைப்படாது என்பது வேறு கதை.

படிவம் என்று வந்தால் அது உங்கள் உள்ளத்தை ஆராய்கிற இடம் அல்ல. குடிசன மதிப்பீட்டில் பௌத்தம், இந்து, இஸ்லாம், ரோமன் கத்தோலிக்கம், ஏனைய கிறிஸ்தவம், ஏனையவை என்று பிரித்திருப்பார்கள். கண்ணகை அம்மனுக்குத் தனிக் கட்டம் கிடையாது. நம் ஊரில் குளிர்த்திக்குப் போகிற எல்லாரும் இந்து என்ற கட்டத்துக்குள்தான் வருகிறார்கள், நாவலர் இருந்திருந்தால் ஒருவேளை முகம் சுளித்திருப்பார். நீங்களும் அப்படிக் குறித்தால் பொய் சொன்னதாகாது, ஏனையவை என்று குறித்தாலும் அம்மாள் கோபிக்கப் போவதில்லை. பிள்ளைகள் பிறந்து பாடசாலையில் சேர்க்கும்போதுதான் இது கொஞ்சம் நடைமுறைப் பிரச்சினையாகும். சாதாரண தரத்தில் சமயம் ஒரு கட்டாய பாடம், சைவநெறியா, கத்தோலிக்கமா, வேறெதுவுமா என்று ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். உங்கள் தகப்பனும் இந்தச் சிக்கலை எப்படியோ தாண்டித்தான் உங்களைப் படிக்க வைத்திருப்பார், அவரிடமே கேளுங்கள். கதை நன்றாக இருக்கும்.

கடைசியாக மடை. நம்பிக்கை இல்லாமல் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம், அரிசிக்கும் பழத்துக்கும் பாக்கு வெற்றிலைக்கும் யாரும் நம்பிக்கைச் சான்றிதழ் கேட்பதில்லை. நேர்த்தி மட்டும் வைக்காதீர்கள். ஒன்றைக் கேட்டு, நடந்தால் இன்னதைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் அது கடன். நம்பாதவள் சொன்னது என்று பிறகு கழற்றிக்கொள்ள முடியாது, ஊரும் விடாது, உங்கள் மனமும் விடாது. சாமானைப் பற்றிக் கதவு திறக்க முந்தியே கட்டாடியாரிடமோ கோயில் நிர்வாகத்திடமோ கதைத்துவிடுங்கள். சில கோயில்களில் எந்த நாள் யாருடைய பங்கு என்பது பேசி முடிந்திருக்கும், இடையில் போய் நின்றால் வீண் மனத்தாங்கல். என்ன குடி என்று கேட்பார்கள். தாயின் குடியைச் சொல்லுங்கள், தகப்பனுடையதைச் சொல்லிவிடாதீர்கள்.